வேர் ஐயத்திற்குரியது

பிப்ரவரி 3

அன்புள்ள தோழிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். தலைவலி மட்டும் வழக்கம்போல என்னோடு குடித்தனம் நடத்துகிறது. நீ எப்படி இருக்கிறாய்? அப்பா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரா, இல்லை அதைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு நாற்காலியே கதி என்று இருக்கிறாரா? உண்மையை எழுது.

அம்மாவின் நினைவுக்கல்லில் செதுக்கப்போகும் வாசகத்தை அனுப்பியிருந்தாய். பெயர் சரி, தேதிகள் சரி. கீழே ஒரு வரி இருக்கிறதே, ‘எங்களுக்குத் தாயும் செவிலியுமாய் வாழ்ந்தவள்’ என்று, அதில்தான் எனக்கு இடிக்கிறது. அம்மா காலம் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்து சட்டைக் காலர் தைத்தவள். ஊசி எடுத்தாள், ஆனால் யாருக்கும் போட்டதில்லை. அவள் எப்படிச் செவிலி ஆனாள்?

வேடிக்கை என்னவென்றால், எங்கள் அகராதி அலுவலகத்தில் இப்போது ‘செ’ வரிசைதான் ஓடுகிறது. ‘செவிலி’ என் மேசையில்தான் கிடக்கிறது. எங்கிருந்து வந்த சொல் என்று யாருக்கும் உறுதியில்லை. பக்கத்து மேசைக்காரர், குழந்தை சொல்வதற்கெல்லாம் செவி கொடுப்பவள் செவிலி என்று ஒரு கதை கட்டினார். எங்கள் ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “வேர் ஐயத்திற்குரியதுன்னு போட்டுட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கம்மா” என்றார். நான் இன்னும் போகவில்லை.

மூன்று கேள்வி. அந்தச் சொல்லைப் போட்டது யார்? கல் கடைக்காரர் வேலையை ஆரம்பித்துவிட்டாரா? அப்பா அதைப் பார்த்தாரா? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ குரலை மாற்றிக்கொண்டு தப்பித்துவிடுவாய். எழுத்தில் மாட்டிக்கொள்வாய்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், அப்பா நலம், ஊன்றுகோலும் நலம். மூவரில் நன்றாக ஓய்வெடுப்பது ஊன்றுகோல்தான். உன் தலைவலிக்கு என் மருந்து, அந்தச் சொற்சீட்டுகளை ஒரு வாரம் பெட்டியில் போட்டு மூடிவைப்பது.

செவிலி என்றால் நர்ஸ். இதற்கு அகராதி வேண்டுமா? அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுக்கையில் கிடந்தபோது யார் தூக்கி உட்காரவைத்தது? யார் வாய் துடைத்துவிட்டது? நீ லீவு போட்டு வந்து பார்த்துவிட்டுப் போனாய், நான் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போய்விடுவேன், மிச்ச நேரம் முழுக்க அம்மாதான். அதைத்தான் ஒரு சொல்லில் போட்டிருக்கிறது. உனக்கு அப்பா சின்ன வயதில் ‘ஒற்று’ என்று பெயர் வைத்தது சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு சொல்லுக்கு நடுவில் போய் உட்காரும் க், ச், த், ப் போல, எந்த இரண்டு பேர் பேசினாலும் நீ நடுவில் போய் நிற்பாயாம். ஒற்று என்றால் உளவு என்றும் ஒரு பொருள் உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நேற்று ஒரு பெரியவர் வந்திருந்தார், இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். பின்னால் எடுங்கள் என்றால் முன்னால் போய்க் கடைப் பலகையைத் தள்ளிவிட்டார். “பின்னாடி பார்த்தா பயமா இருக்கும்மா, அதான் முன்னாடி போயிட்டேன்” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கல் இன்னும் வரவில்லை, அதனால் கடைக்காரர் தொடங்கவில்லை. அப்பா வாசகத்தைப் பார்த்துவிட்டார். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
தோழி


பிப்ரவரி 18

அன்புள்ள தோழிக்கு,

நலம். நலம் விசாரித்து நிறைய எழுதியிருந்தாய், நன்றி. நீ விஷயத்தை மறைக்கும்போதுதான் நலம் விசாரிப்பது நீளமாகிறது.

மூன்று கேள்வி கேட்டேன், இரண்டுக்குப் பதில் வந்திருக்கிறது. அந்தச் சொல்லைப் போட்டது யார் என்றால் ‘போட்டிருக்கிறது’ என்கிறாய். அது தானாகவா போய்க் கல்லில் ஏறிக்கொண்டது? நான் இதைத்தான் பிழைப்பாகச் செய்கிறேன், என்னிடமே செயலைச் சொல்லிவிட்டுச் செய்தவரை விழுங்கினால் எப்படி?

அப்பா அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு சொல்லைச் சும்மா போடமாட்டார், யாரையும் போடவும் விடமாட்டார். நர்ஸை அவர் நர்ஸ் என்றுதான் சொல்வார். பத்திரிகையில் செவிலியர் என்று வந்தால், “பாவம், வளர்த்த தாயை ஊசி போட அனுப்பிட்டானுங்க” என்று சிரிப்பார். மறந்துவிட்டாயா?

இன்று நாள் முழுக்கப் பழைய பாட்டுகளிலிருந்து எடுத்த சீட்டுகளைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். அவற்றில் செவிலி நர்ஸ் இல்லை. பெற்றவள் வேறு, செவிலி வேறு. தூக்கி வளர்ப்பவள், ஊட்டுபவள், தூங்கவைப்பவள், பெண்ணின் முகம் கொஞ்சம் மாறினாலும் முதலில் சந்தேகப்படுபவள், இவளே செவிலி. அந்தச் செவிலியின் வயிற்றில் பிறந்த பெண்தான் தோழி. தலைவியோடு ஒன்றாக வளர்பவள். இலக்கணமே அப்படித்தான் வகுத்திருக்கிறது.

‘தாயும் செவிலியும்’ என்றால் என்ன? ஒருத்திக்குத் தாய், இன்னொருத்திக்குச் செவிலி. அப்பா உன்னை நினைவு தெரிந்த நாளிலிருந்து தோழி என்றுதான் கூப்பிடுகிறார். அந்தப் பெயரை அவர் விளையாட்டுக்கு வைத்தார் என்று இத்தனை வருடம் நினைத்தேன். தோழி செவிலியின் மகள். அப்படியானால் நான் யாருடைய மகள்?

சிரிக்காதே. உடனே பதில் எழுது.

அக்கா


மார்ச் 4

மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். உடம்பு படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, ஆங்காங்கே மை மங்கல்.

நீ சுட்டிக்காட்டிய இடத்தை மறுபடி பார்த்தேன். பிழை இல்லை. திருத்தம் வேண்டாம், அப்படியே போகலாம். நீ எனக்குத் தனியாக எழுதிய கடிதத்தில் ‘சந்தேகம்’ என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. நான்கை எடுத்துவிடலாம்.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அப்பா


மார்ச் 15

அன்புள்ள தோழிக்கு,

நீ நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், நீதான் எழுதுவதில்லையே. போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. அப்பாவிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. ஐந்து சந்தேகத்தில் நான்கை எடுக்கச் சொல்கிறார். கவனித்தாயா, ஐந்தையும் எடுக்கச் சொல்லவில்லை.

ஒன்றை நினைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்துகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

சித்தி வருவாளே, தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விடுமுறை விட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. அவள் வந்ததும் அம்மாவின் முகம் மாறிவிடும். என்னைப் பார்த்து, “நீ உள்ள போய்ப் படி” என்பாள். ஒவ்வொரு தடவையும். படிக்க ஒன்றும் இல்லாத விடுமுறையிலும். உன்னை மட்டும் சித்தி பக்கத்தில் உட்காரச் சொல்வாள். சித்தி உன் தலையை வாரிவிட்டுக்கொண்டே இருப்பாள், நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது உன்மேல் எரிச்சலாக வரும். இப்போதுதான் புரிகிறது. அம்மா என்னைச் சித்தியிடமிருந்து ஒளித்துவைத்திருக்கிறாள். அவளுக்குப் பயம், நான் போய் ஒட்டிக்கொண்டுவிடுவேன் என்று.

இன்னொன்று. எனக்குக் கிட்டப்பார்வை, சித்திக்கும் கிட்டப்பார்வை. இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பவர். உனக்குக் கண்ணாடியே இல்லை. எனக்கு வருகிற ஃபிரேம் எல்லாம் சித்தி அனுப்புவதுதான், ஒரு தடவைகூடப் பணம் வாங்கியதில்லை. சும்மாவா அனுப்புவாள்?

வேர் தெரியாத சொல்லை நான் அகராதியில் சேர்த்துவிடுவேன். என்னை அப்படிச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவள் என் அம்மாவா என்று கேட்கிற நிலை எனக்கு வந்திருக்கிறது, அழுகையாக வருகிறது. நீ தெரிந்துகொண்டே சும்மா இருக்கிறாய் என்றால் அதை என்னால் மன்னிக்க முடியாது.

நீ இந்த முறையும் எழுதவில்லை என்றால் சித்திக்கே எழுதிக் கேட்டுவிடுவேன்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

நலம். அப்பாவும்.

உன் கடிதத்தை வண்டியில் வைத்துப் படித்தேன். என் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நான் மிதிக்க. நீ எழுதியதைப் படிக்கப் படிக்க என் கால் அதைத் தேடியது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

நீ அம்மா பெற்ற பெண். இதை நான் எதன்மேல் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். உன் மூக்கைக் கண்ணாடியில் பார், அம்மாவின் மூக்கு. கோபம் வந்தால் நீ பாத்திரத்தை வைக்கிற சத்தம் அம்மாவின் சத்தம். இதற்குமேல் என்ன வேண்டும்?

போதும் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன். உனக்குச் சந்தேகம் வந்தால் எனக்கு எழுது, அப்பாவைக் கேள், என்னைத் திட்டு. சித்திக்கு மட்டும் எழுதாதே.

தோழி


ஏப்ரல் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இப்படித் தொடங்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்றாவதில் துணிந்து எழுதிவிட்டேன். நீங்கள் நலமா? கடை எப்படிப் போகிறது? நான் நலம் என்று சொல்ல முடியவில்லை.

அம்மாவின் கல்லில் ‘செவிலி’ என்று போடப்போகிறார்கள். பழைய வழக்கில் அது பெற்றவளைக் குறிக்காது, வளர்த்தவளைக் குறிக்கும். அப்பா பிடிவாதமாக அது சரி என்கிறார். தங்கை எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, உங்களுக்கு மட்டும் எழுத வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். ஏன் உங்களுக்கு மட்டும்? அந்த ஒரு வரியில் அவள் மாட்டிக்கொண்டாள்.

நான் சண்டைக்கு வரவில்லை. உங்களிடம் வந்து தங்குகிறேன் என்றும் சொல்லவில்லை. என்னைப் பெற்றது நீங்கள்தானா? ஆமாம் என்றால் ஆமாம் என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். கதவிடுக்கில் நின்று பார்த்தவளுக்கு அவ்வளவு போதும்.

உங்கள்,
மகள்


ஏப்ரல் 29

அன்புள்ள மகளுக்கு,

அக்கா மகளும் மகள்தான், அதனால் இப்படி எழுதுவதில் தப்பில்லை. நான் நலம். பதில் எழுத நாளாகிவிட்டது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, ரசீதுதான் எழுதுவேன்.

உன் கடிதம் காலையில் வந்தது. கண் சோதனைக்கு வந்த ஒருவர் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் மூன்றாவது வரிக்கு வரும்போது உறையைக் கிழித்தேன். முதல் வரியைப் பார்த்ததும் அவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். “அம்மா, அடுத்த வரி படிக்கட்டுமா? அம்மா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைக்கு வருகிற எல்லாரும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது பழகிவிட்டது. கடிதத்தில் யாரும் எழுதியதில்லை.

நீ உன் அம்மாவின் வயிற்றில் பிறந்தவள். பிரசவ அறைக்கு வெளியே உன்னை முதலில் கையில் வாங்கியது நான்தான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். கிட்டப்பார்வை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு. உன் அம்மாவுக்கும் இருந்தது. அவள் கண்ணாடி போட வெட்கப்பட்டுக்கொண்டு காலம் முழுக்கக் கண்ணைச் சுருக்கியே ஊசியில் நூல் கோத்தாள். ஃபிரேம் அனுப்புவது எனக்குக் கடை இருப்பதால். எனக்குக் காய்கறிக் கடை இருந்திருந்தால் கத்தரிக்காய் அனுப்பியிருப்பேன்.

உன்னை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னது உன்னை ஒளிக்க இல்லை. என்னை உன் தங்கையோடு கொஞ்ச நேரம் விட்டுவைக்க. நான் கேட்காமலே உன் அம்மா அதைச் செய்வாள். அந்த நேரம் முழுக்க அடுப்படியில் நின்று பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் பிறந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பிறகும் ஆகவில்லை. அதற்குமேல் அந்தக் கதையில் சொல்ல ஒன்றும் இல்லை.

அம்மா என்று நீ எழுதிய அந்தச் சொல் என்றைக்காவது ஒரு நாள் வரும் என்று நான் காத்திருந்தது உண்மைதான். வந்துவிட்டது. ஆனால் அதை எழுத வேண்டியவள் நீ இல்லை. அவள் உன் பக்கத்திலேயே வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாது என்று உன் அம்மா சொல்லியிருந்தாள். நீ எழுதியதைப் பார்த்தால் தெரியும் போலிருக்கிறது.

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று இருந்தேன். முடியவில்லை, வைத்துக்கொள்கிறேன்.

சித்தி


மே 4

என் தோழிக்கு,

சித்திக்கு எழுதிவிட்டேன். நீ கெஞ்சியும் எழுதினேன். அவள் பதிலை இதோடு அனுப்புகிறேன், என்னிடம் வைத்துக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அம்மா என் அம்மாதான் என்ற நிம்மதி. பக்கத்து மேசைக்காரருக்கு டீ வாங்கிக்கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றியது. எழுந்து நின்ற பிறகுதான் உறைத்தது, அந்த நிம்மதியை நான் உன்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன் என்று. மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

தோழி செவிலியின் மகள் என்று இலக்கணம் பார்த்துக் கணக்குப் போட்டேன். அப்பா இலக்கணம் தெரியாமல் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார். யாரும், நீயேகூட, வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது என்றுதான் உன்னைச் செவிலியின் வயிற்றுப் பெண்ணாக்கி ஒரு பெயரைப் போட்டிருக்கிறார். ஊரையெல்லாம் ஏமாற்றாத அந்தப் பெயர் என்னை ஏமாற்றிவிட்டது, ஏனென்றால் எனக்கு மட்டும்தான் அதைப் படிக்கத் தெரியும்.

உனக்கு எப்போது தெரியும்? எழுத விருப்பமில்லை என்றால் விடு. இந்த முறை பதில் வராவிட்டாலும் நான் சந்தேகப்பட மாட்டேன். அந்தச் சொல்லைக் கல்லிலிருந்து எடுத்துவிடச் சொல்லட்டுமா?

மன்னிக்கத் தோன்றினால் மன்னித்துவிடு.

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதமும் சித்தியின் கடிதமும் கிடைத்தன. கோபம் இருந்தது. இரண்டு நாள் கற்றுக்கொள்ள வந்தவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். பிறகு போய்விட்டது.

எனக்குப் பதினேழு வயதில் தெரியும். நீ அப்போது விடுதியில் இருந்தாய். சித்தி வந்திருந்தாள். நான் குளித்துவிட்டு வரும்போது அடுப்படியில் அவள் அம்மாவிடம், “கால் விரலைப் பார்த்தியாக்கா, அப்படியே எனக்கு வந்த மாதிரியே வந்திருக்கு” என்று சொன்னாள். அம்மாவின் கையில் பாத்திரம் உருண்டது. நான் என் காலைப் பார்த்தேன். சித்தியின் காலையும் போய்ப் பார்த்தேன்.

அவள் ஊருக்குத் திரும்பிய மறுநாள் நானும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். சங்கிலியை எடுக்காமல் ஒரு கை அகலம் திறந்தாள். நான் கேட்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. “உங்கம்மா தேடுவாங்க, வீட்டுக்குப் போ” என்றாள். மூடிவிட்டாள். உள்ளே கதவில் சாய்ந்துகொண்டு அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் திறக்கவில்லை. அம்மாவிடம் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை போலிருக்கிறது, அம்மாவும் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் எனக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொண்டார்கள், சித்தி உனக்கும் அப்படியே எழுதியிருக்கிறாள்.

திரும்பிப் போகவும் பிடிக்காமல் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்தாள். வழியில் இறங்கி இறங்கி, கண்டக்டர், கடைக்காரர், பெட்டி தூக்குகிறவர் என்று ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். “இந்த உசரம் இருப்பா, ஒத்தைப் பின்னல், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பா, பார்த்தீங்களா?” அங்கே பூ விற்றுக்கொண்டிருந்தவள் என்னைக் கைகாட்டி, “இந்த மூஞ்சியாம்மா?” என்று கேட்டாள்.

அம்மா திட்டவில்லை. “நகரு” என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கதவைத் திறந்தாளா?” என்றாள். “இல்லை” என்றேன். “நல்லதாப் போச்சு” என்றாள். உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். “தப்பு. அப்படிச் சொல்லக் கூடாது” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகிறவரை நாங்கள் அதைப் பேசவில்லை. நான் பயிற்சி முகாமுக்குப் போனதாக உனக்குச் சொன்னார்கள்.

அப்பாவுக்குக் கை விழுந்த பிறகு, வீட்டிலிருந்தே கொஞ்சம் பிழை திருத்தும் வேலை பார்த்தாரே, நினைவிருக்கிறதா? நான் மூலத்தைச் சத்தமாகப் படிப்பேன், அவர் அச்சைப் பார்ப்பார். ஒரு நாள் பழைய பாட்டுகளுக்கு எழுதிய உரை வந்தது. பெண் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். பெற்றவள் வீட்டிலேயே இருந்து புலம்புகிறாள். செவிலிதான் கிளம்பிப் போகிறாள். வெயில் காட்டில் எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, என் மகளைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே போகிறாள். எனக்கு அதற்குமேல் படிக்க வரவில்லை. அப்பா கண்ணை எடுக்காமல், “அடுத்த வரி” என்றார். 

நீ கேட்ட முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்தச் சொல்லைப் போட்டது நான். தாய் என்று மட்டும்தான் அப்பா எழுதியிருந்தார். நான் செவிலியையும் சேர்க்கச் சொன்னேன். “உங்கக்கா அகராதிக்காரி, பிடிச்சிடுவா” என்றார். நீ கண்டுபிடிக்க வேண்டும் என்றும் இருந்தது, கண்டுபிடிக்கக் கூடாது என்றும் இருந்தது. நீ கண்டுபிடித்தால் அதற்குப் பிறகு என்னை வேறு மாதிரி பார்ப்பாயோ என்று பயம். அம்மாவை உன் அம்மா, என் அம்மா என்று பிரித்துவிடுவாயோ என்று பயம்.

சொல்லை எடுக்காதே. அது பொய் இல்லை. பெற்ற பெண்ணைத் தேடி எந்தத் தாயும் வருவாள். பெறாத என்னைத் தேடிவர அம்மாவுக்கு என்ன கட்டாயம்?

அடுத்த மாதம் கல் நடுகிறோம். சித்தியையும் வரச்சொல்லி நானே எழுதிவிட்டேன். அதனால் நீ வராதே. உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பாய். இந்த இடத்தில் ஒற்று மிகாது அக்கா.

உன்,
தோழி


ஜூன் 1

என் தோழிக்கு,

நலம். சரி, வரவில்லை.

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்துவிட்டு, எல்லாரும் பார்க்க அழுதேன். ஆசிரியர் பயந்துபோய் எனக்கு லீவு கொடுத்துவிட்டார்.

அம்மாவைப் பிரிப்பதா? சின்ன வயதில் ஒரு மிட்டாயையே நீ சரியாகப் பிரிக்க விட்டதில்லை. எப்போதும் உன் பாதிதான் பெரிது. இதிலும் அப்படியே இருக்கட்டும்.

கல் நட்ட பிறகு, சித்தி முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுது. கேட்காமல் இருக்க முடியவில்லை, என் சுபாவம் உனக்குத் தெரியும்.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். கல் நட்டாகிவிட்டது. எழுத்து ஆழமாக விழுந்திருக்கிறது, அப்பா விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சித்தி காலை பஸ்ஸில் வந்தாள். ரொம்ப மெலிந்திருக்கிறாள். கல்லின் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துப் பலகையைப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள். நீ அவளுக்கு அதன் பொருளை எழுதியிருந்தாயே, அதனால் தெரியும். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

அப்பாவிடம் திரும்பி, “மாமா, வளர்த்தவளுக்குச் செவிலின்னா, பெத்தவளுக்கு அந்தப் பாட்டுல என்ன பேரு?” என்று கேட்டாள்.

அப்பா ஊன்றுகோலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். உனக்குத் தெரியும், அவருக்குத் தவறான சொல் வாயில் வராது. “நற்றாய்” என்றார்.

“அப்படின்னா?”

“நல்ல தாய்.”

“பெத்ததுக்கேவா?”

“பெத்ததுக்கே.”

சித்தி சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள், கல் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். “அந்தப் பாட்டு எழுதினவங்க யாரும் என்னைப் பார்க்கலை போல” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு வயதில் அந்தக் கதவின் முன்னால் நின்றபோது அவளை என்னென்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று சேர்த்துவைத்திருந்தேனோ, அதில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் என் வண்டியில் அவளைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன்.  நான் திருப்பத்தில் பிரேக் போடும்போதெல்லாம் அவள் காலும் அழுந்தியது. நீ முகத்தைக் கேட்டாய். நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன், அதனால் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். “அடுத்த மாசம் ஒரு நாள் வரட்டுமா?” என்றாள். கடையில் வேலை இருக்கும், முடிந்தால்தான், தொந்தரவு என்றால் வேண்டாம் என்று அவளே அடுக்கிக்கொண்டு போனாள்.

“வாங்க” என்றேன்.

வழக்கமாக அதோடு சித்தி என்று சேர்ப்பேன். சேர்க்கவில்லை. வேறு எதையும் சேர்க்கவும் எனக்கு வரவில்லை. வெறும் வாங்கதான். அவள் படியிலேயே நின்றாள், கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். நான் சேர்க்காததை அவள் கவனித்துவிட்டாள் அக்கா.

உன்,
தோழி